இரண்டு, எட்டு, எட்டு: வகுப்பறையில் பொய்க்கு இடமுண்டா?

1

படிவம் 4-இல் வேதியியல் எடுத்த யாரை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்: கால்சியம், இரண்டு எட்டு எட்டு இரண்டு. நடுவில் அணுக்கரு, அதைச் சுற்றி வட்ட வட்டமாகக் கூடுகள். மலாயில் பெத்தாலா, ஆங்கிலத்தில் ஷெல். முதல் கூட்டில் 2 எலெக்ட்ரான், இரண்டாவதில் 8, மூன்றாவதில் 8, மிச்சம் இருந்தால் நான்காவதில். கம்பாஸை ஊன்றி நான்கு வட்டம் போட்டு, இருபது புள்ளி வைத்தால் கால்சியம் அணு தயார். எஸ்பிஎம் தேர்வில் இதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

இந்தப் படம் தவறு. எலெக்ட்ரான்கள் வட்டப்பாதையில் ஓடவில்லை. ஒரு நேரத்தில் ஓர் எலெக்ட்ரான் இந்த இடத்தில் இருந்து இந்த வேகத்தில் இந்தப் பக்கம் போகிறது என்று துல்லியமாகச் சொல்லவே முடியாது. இது நேற்று வந்த செய்தி இல்லை. ஷ்ரோடிங்கர் தன் சமன்பாட்டை வெளியிட்டது 1926இல். ஹைசன்பெர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாடு 1927இல். ஏறக்குறைய நூறு வருடமாக இது தெரியும். பாடநூல் எழுதுபவர்களுக்குத் தெரியும், ஆசிரியர்களுக்குத் தெரியும், விடைத்தாள் திருத்துபவர்களுக்கும் தெரியும். தெரியாதது அந்த வகுப்பறையில் உட்கார்ந்து புள்ளி வைத்துக்கொண்டிருக்கிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு மட்டும்தான்.

நான் வேதியியல் ஆசிரியன் இல்லை. பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கிற பொறியாளன். ஞாயிற்றுக்கிழமைகளில் கெலுகோரில் நாலைந்து பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் ஒருவன் ஒரு நாள் கேட்டான்: "அண்ணே, கூட்டோட நம்பர ஸ்கொயர் பண்ணி ரெண்டால பெருக்குனா எத்தன எலெக்ட்ரான் கொள்ளும்னு வரும்னு நெட்ல போட்டுருக்கான். மொதல் கூட்டுக்கு 2, சரி. ரெண்டாவதுக்கு 8, சரி. மூணாவதுக்கு 18 வருது. புக்குல மட்டும் ஏன் 8?"

நியாயமான கேள்வி. பாடத்திட்டத்திற்குள் நின்றுகொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. பாடநூல் முதல் இருபது தனிமங்களோடு கடையைச் சாத்திவிடுகிறது. இருபத்தொன்றாவது தனிமமான ஸ்காண்டியத்துக்குப் போனால் மூன்றாவது கூடு திடீரென்று திறந்து ஒன்பதாவது எலெக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது: 2, 8, 9, 2. செம்புக்கு வரும்போது அதில் 18ம் நிறைந்துவிடும். ஆக 'மூன்றாவது கூட்டில் எட்டுதான்' என்பது விதியே கிடையாது. இருபதோடு நிறுத்திக்கொண்டதால் விதி மாதிரித் தெரிகிற ஒன்று.

பதிலை விடுங்கள், அது பிறகு வரும். என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு. தவறு என்று தெரிந்த ஒன்றை, நம்பி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் உண்மைபோல் கொடுப்பது பொய்யா? பொய் என்றால், நல்ல பொய்யா?

கெலுகோரில் இருந்துகொண்டு இதை யோசிப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. தென்கிழக்காசியாவின் அறிவியல், கணித ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதற்கென்றே 1967இல் தொடங்கப்பட்ட ரெக்சாம் மையம் இங்கேதான் இருக்கிறது. மிண்டன் மேட்டில் அறிவியல் பல்கலைக்கழகம். 'எப்படிச் சொல்லிக்கொடுப்பது' என்பது இந்த வட்டாரத்தின் தொழில் என்றே சொல்லலாம்.

2

வழக்கமாகக் கிடைக்கும் சமாதானம் இது: கல்வி ஒரு ஏணி. கீழ்ப்படியில் எளிமையான படம், மேலே போகப் போக சரியான படம். எஸ்பிஎம்-இல் கூடுகள், எஸ்டிபிஎம்-இல் ஆர்பிட்டால்கள், பல்கலைக்கழகத்தில் அலைச்சார்பு. இன்று சொல்லும் தவறு நாளை திருத்தப்படும். குழந்தைக்கு முதல் நாளே முழுச் சோற்றை ஊட்ட முடியாது, கஞ்சியில்தான் தொடங்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு இடத்தில் கால் வழுக்குகிறது.

முதலாவது, பெரும்பாலான பிள்ளைகள் அந்த ஏணியில் ஏறுவதில்லை. படிவம் 5 முடிந்ததும் கணக்கியல், சட்டம், மெக்கானிக் வேலை, கடை, நர்சிங், கிராப் ஓட்டுவது என்று கலைந்துபோகிறார்கள். அவர்களுக்கு 'நாளை' என்று ஒன்று வராது. அணுவைப் பற்றி வாழ்நாளில் அவர்கள் கேட்கப்போகும் கடைசி வார்த்தை 'இரண்டு எட்டு எட்டு'தான். பிறகு திருத்துவேன் என்ற வாக்கை நம்பிக் கொடுத்த கடன், கொடுத்தவன் திரும்பிப் பார்க்காமலேயே அவர்கள் தலையில் தங்கிவிடுகிறது.

இரண்டாவது வழுக்கல் எனக்கே பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் புரிந்தது. ஏணிக்கு உச்சி கிடையாது. எஸ்டிபிஎம் மாணவனிடம் போய், பொட்டாசியத்தின் 19வது எலெக்ட்ரான் ஏன் மூன்றாம் கூட்டை விட்டு நான்காவதுக்கு ஓடுகிறது என்று கேளுங்கள். நான்காம் கூட்டின் முதல் உட்கூடு, மூன்றாம் கூட்டின் கடைசி உட்கூட்டைவிட ஆற்றலில் தாழ்ந்தது, அதனால் அது முதலில் நிரம்பும் என்பான். நம் பையனின் கேள்விக்கு இதுதான் பதில். அருமையான பதில். ஆனால் ஸ்காண்டியத்தின் எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால், முதலில் வெளியேறுவது நான்காம் கூட்டிலிருந்துதான். கடைசி வரை ஒட்டிக்கொண்டிருப்பது மூன்றாம் கூட்டிலிருப்பது. அப்படியென்றால் எது தாழ்ந்தது? அந்தப் 'பெரிய' பதிலும் ஓர் எளிமைப்படுத்தல்தான். இன்னும் மேலே போனால், ஒன்றுக்கு மேற்பட்ட எலெக்ட்ரான் உள்ள அணுவில் ஆர்பிட்டால் என்பதே தோராயம் என்கிறார்கள். ஹைட்ரஜனுக்கு அந்தச் சமன்பாட்டைத் தாளில் போட்டு முழுதாகத் தீர்க்கலாம். ஹீலியத்துக்கே அப்படித் தீர்க்க முடியாது, தோராயமாகத்தான் நெருங்க வேண்டும்.

ஆக, 'மேலே போனால் உண்மை சொல்வார்கள்' என்பதுதான் இந்தக் கதையிலேயே பெரிய பொய். மேலே இன்னொரு படம் காத்திருக்கிறது. கீழ்ப்படத்தைவிட நல்ல படம், ஆனால் படம்தான்.

3

நம்மிடம் இதற்கு ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது. வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறள். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கப்படும் என்கிறார் வள்ளுவர். பள்ளியில் இதைப் படித்தபோது எங்களில் பலருக்குக் குஷி. பொய்க்கு லைசென்ஸ் கிடைத்த மாதிரி. வளர்ந்தபின் படித்தால் அந்த லைசென்சின் நிபந்தனை எவ்வளவு கறாரானது என்று தெரிகிறது. நன்மை என்று மட்டும் சொல்லி அவர் விடவில்லை, அந்த நன்மையில் குற்றமே இருக்கக்கூடாது என்கிறார். யாருக்கு நன்மை என்று கேட்காமல் இந்தக் குறளைத் தாண்ட முடியாது.

'மூணாவதுல எட்டுதான், மனப்பாடம் பண்ணு' என்கிறோம். நன்மை யாருக்கு? பிள்ளைக்கு மதிப்பெண். சரி. ஆசிரியருக்கு நேரம் மிச்சம். தெரியாத கேள்வியிலிருந்து தப்பித்தல். பள்ளிக்குத் தேர்ச்சி விழுக்காடு. இந்த நன்மைகளில் எத்தனை குற்றமற்றவை என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

பௌத்தத்தில் இதே கேள்வி கதையாக வருகிறது. தாமரைச் சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம். வீடு தீப்பிடித்து எரிகிறது, உள்ளே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். 'தீ' என்று கத்தினால் அவர்களுக்குப் புரியவில்லை. அப்பா சொல்கிறார்: வெளியே ஆட்டு வண்டி, மான் வண்டி, மாட்டு வண்டி எல்லாம் நிற்கிறது, ஓடி வாருங்கள். குழந்தைகள் ஓடி வருகிறார்கள். அவர் அவர்களுக்கு அதைவிடப் பெரிய, அழகான வண்டிகளைக் கொடுக்கிறார். புத்தர் கேட்கிறார், அந்த அப்பா பொய் சொன்னாரா? சாரிபுத்தர் இல்லை என்கிறார்.

இந்தக் கதையை ஆசிரியர்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே வீடு உண்மையிலேயே எரிந்தது. எஸ்பிஎம் தேதி தீ அல்ல. பிறகு, அந்த அப்பா குழந்தைகள் வெளியே வந்ததும் கணக்கை நேர் செய்தார், வண்டியைக் கையில் கொடுத்தார். வெளியே கூட்டிவந்து நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. நம் வகுப்பறைகளில் பிள்ளைகள் வெளியே வந்தபிறகு யாரும் அங்கே நிற்பதில்லை.

4

இப்போது என் தொழில் பக்கம் வருகிறேன், ஏனென்றால் எனக்கு இந்தக் கேள்வியில் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது அங்கேதான்.

பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் 1972இல் தொடங்கியது. இன்டெல் அதே ஆண்டு இங்கே வந்தது. அன்றிலிருந்து இந்தத் தீவின் ஒரு பகுதி சோறு தின்பது சிலிக்கானில். ஆவர்த்தன அட்டவணையில் 14வது தனிமம். 2, 8, 4. அதில் துளியூண்டு பாஸ்பரஸ் சேர்த்தால், 2, 8, 5, ஓர் எலெக்ட்ரான் உபரி. போரான் சேர்த்தால், 2, 3, ஓர் எலெக்ட்ரான் குறைவு. அந்தக் குறைவுக்கு 'துளை' என்று பெயர் வைத்திருக்கிறோம். துளைக்கு நேர்மின் சுமை உண்டு, அது நகரும், அதற்கு ஒரு நிறை கூட உண்டு என்று கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கில்தான் உங்கள் கைப்பேசி ஓடுகிறது.

துளை என்று ஒரு பொருள் இல்லை. இல்லாமையை இருப்பதுபோல் எண்ணுகிறோம். பள்ளியில் போட்ட கூட்டுப் படத்தையே நாங்களும் முதல் விளக்கத்துக்குப் பயன்படுத்துகிறோம். இதில் எந்தப் பொறியாளருக்கும் மனசாட்சி உறுத்துவதில்லை. ஏன்?

காரணம், எங்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் எல்லை எழுதப்பட்டிருக்கும். எந்த எலெக்ட்ரானிக் பாகத்தை வாங்கினாலும் அதோடு டேட்டாஷீட் வரும். இந்த மின்னழுத்தத்தைத் தாண்டாதே, இந்த வெப்பநிலைக்கு மேல் நான் பொறுப்பில்லை, இந்தக் கணக்கு இந்த வரம்புக்குள் மட்டும் செல்லும் என்று அதில் இருக்கும். டேட்டாஷீட் இல்லாத பாகத்தை யாரும் போர்டில் ஏற்ற மாட்டார்கள். அது நல்ல பாகமாகவே இருக்கலாம். எதுவரை தாங்கும் என்று தெரியாததை நம்ப முடியாது, அவ்வளவுதான்.

பள்ளியில் நாம் மாணவர்களிடம் கொடுப்பது டேட்டாஷீட் கிழித்தெறியப்பட்ட மாதிரியை. கூட்டுப் படத்தில் தப்பில்லை. 'இது முதல் இருபது தனிமங்களுக்கு நன்றாக வேலை செய்யும், அதற்குமேல் உடையும்' என்ற ஒரு வரி அதோடு இல்லாததுதான் தப்பு. அந்த வரியோடு கொடுத்தால் அது மாதிரி. அது இல்லாமல் கொடுத்தால், பொய் என்று சொல்ல நான் தயங்க மாட்டேன்.

5

போர் தன் அணு மாதிரியை 1913இல் வெளியிட்டபோது அதன் ஓட்டைகள் அவருக்கே தெரிந்திருந்தன. ரதர்ஃபோர்டு 1911இல் அணுக்கருவைச் சொல்லிவிட்டார். ஆனால் கருவைச் சுற்றும் எலெக்ட்ரான், அன்றைய இயற்பியல்படி, ஒளியாக ஆற்றலை இழந்துகொண்டே போய்க் கருவுக்குள் விழுந்துவிட வேண்டும். ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக வெட்டினால் வரும் துண்டைவிடக் குறைந்த நேரத்தில் அது நடந்திருக்க வேண்டும். நாம் யாரும் இருந்திருக்க மாட்டோம். போர் என்ன செய்தார்? குறிப்பிட்ட சில பாதைகளில் எலெக்ட்ரான் அப்படி ஆற்றலை இழக்காது என்று வைத்துக்கொள்வோம் என்றார். ஏன் இழக்காது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஹைட்ரஜன் ஒளியின் நிறங்கள் அப்படியே வந்து விழுந்தன. ஹீலியத்துக்கு வரவில்லை.

இந்தக் கதையைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பாடநூலிலோ போர் ஒரு கட்டத்துக்குள் இருக்கிறார்: பெயர், கண்டுபிடிப்பு. டால்டன், தாம்சன், ரதர்ஃபோர்டு, போர், சாட்விக் என்று வரிசை. சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தது 1932. வரிசை அங்கே முடிகிறது. கவனித்தீர்களா? போரின் வட்டங்களைக் கலைத்த 1926, 1932-க்கு முந்தையது. வரிசையில் அதைத் தாண்டிக் குதித்து, நியூட்ரானை மட்டும் எடுத்துவந்து வட்டங்களின் நடுவில் வைத்திருக்கிறோம். அந்தப் பக்கத்தைப் படிக்கும் பிள்ளை, 1932 நிலவரப்படி அணு இப்படித்தான் என்று நினைக்கும். அப்படி ஒரு நிலவரம் 1932இல் இல்லை.

6

ஆவர்த்தன அட்டவணைக்கு வந்தால் நிலைமை இன்னும் சுவாரசியம். அந்த அட்டவணையே ஓர் ஆசிரியரின் தலைவலியில் பிறந்தது. 1860களின் இறுதியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மெண்டலீவ் தன் மாணவர்களுக்காக வேதியியல் பாடநூல் எழுதிக்கொண்டிருந்தார். அன்று தெரிந்த தனிமங்கள் 63. இவற்றை எந்த வரிசையில் பாடமாக்குவது? அந்தக் கேள்விக்கான விடைதான் 1869 அட்டவணை.

அதில் என்னை ஈர்ப்பது நிரம்பிய கட்டங்கள் இல்லை, காலிக் கட்டங்கள். அலுமினியத்துக்குக் கீழே பொருத்தமான ஆள் இல்லை. அடுத்த தனிமத்தை நகர்த்தி இட்டு நிரப்பியிருக்கலாம், மாணவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் காலியாக விட்டார். பிறகு அந்தக் காலி இடங்களுக்கு ஏக-அலுமினியம், ஏக-சிலிக்கான், ஏக-போரான் என்று பெயரும் வைத்தார். 'ஏக' என்றால் நம் 'ஏகம்'தான், சமஸ்கிருதத்தில் ஒன்று. 1875இல் பிரான்சில் லெகோக் தெ புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்தார், அடர்த்தி 4.7 என்றார். மெண்டலீவ் கண்ணால் பார்க்காத அந்த உலோகத்துக்கு, 5.9 பக்கம் இருக்க வேண்டுமே, மறுபடி அளந்து பாருங்கள் என்றார். அளந்தார்கள். 5.9. ஸ்காண்டியம் 1879இல், ஜெர்மானியம் 1886இல் வந்து உட்கார்ந்தன.

அவர் எல்லாவற்றிலும் சரியாக இருக்கவில்லை. டெல்லூரியத்தின் அணு எடை அயோடினைவிட அதிகமாக இருந்தது. அளந்தவர்கள்தான் தப்பு என்று அடம்பிடித்தார். அளவு சரியாகவே இருந்தது. எடையை வைத்து வரிசைப்படுத்துவதே தப்பு என்று 1913இல் மோஸ்லி எக்ஸ்ரேயால் காட்டினார். 1894இல் ஆர்கான் கிடைத்தபோது, தன் அட்டவணையில் அப்படி ஒரு பத்தியே இல்லையே என்று, அது மூன்று நைட்ரஜன் ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம் என்று பார்த்தார். காலி இடம் விடத் தெரிந்தவருக்கே ஒரு முழுப் பத்தி காலி என்பது தெரியவில்லை.

இப்போது நம் வகுப்பறைச் சுவரில் தொங்கும் அட்டவணையைப் பாருங்கள். 118 கட்டம், 118 பெயர். கடைசி நான்கு பெயர்கள் 2016இல் உறுதியாயின. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. நியாயமான பெருமைதான். ஆனால் அதைப் பார்க்கும் பிள்ளைக்கு என்ன தோன்றும்? எல்லாம் முடிந்துவிட்டது, நமக்கு மிச்சம் மனப்பாடம்தான். மெண்டலீவின் அந்த ஓட்டை விழுந்த, கேள்விக்குறிகள் போட்ட பழைய அட்டவணையையும் அதன் பக்கத்தில் தொங்கவிடலாம் என்று எனக்கு ஆசை.

7

இதுவரை சொன்னது, தவறான ஒன்றை நேர்மையாகச் சொல்லிக்கொடுக்க முடியும் என்பது. இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் கட்டுரை நொண்டும். சரியான ஒன்றை நேர்மையில்லாமலும் சொல்லிக்கொடுக்கலாம். நம்மாட்கள் இதில் கெட்டிக்காரர்கள்.

'அணு'ங்கிற சொல்லே நம்மளோடது, நம்ம முன்னோர்கள் அப்பவே அணுவைக் கண்டுபிடிச்சிட்டாங்க என்று மேடையில், வாட்சப்பில், சில நேரம் வகுப்பறையிலும் கேட்டிருப்பீர்கள். இதில் பாதி உண்மை. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் ஆசீவகவாதி நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று ஐந்து வகை அணுக்களைப் பற்றிப் பேசுகிறான். அவை எப்படிச் சேரும், பிரியும் என்று விளக்குகிறான். வைசேடிகத்திலும் அணு உண்டு. பெருமைப்பட நிறையவே இருக்கிறது, அந்தக் காதையை உட்கார்ந்து படித்தவர்களுக்கு.

ஆனால் ஆசீவகனின் அணுவும் பாடநூலின் அணுவும் ஒரே சொல்லில் குடியிருக்கும் இரண்டு பேர். உலகம் எதனால் ஆனது, உயிர் ஏன் பிறந்து உழல்கிறது என்ற கேள்விக்கு அவன் அணு பதில். டால்டனின் அணு 1808இல் தராசிலிருந்து வந்தது. தண்ணீரை எங்கே எடுத்துப் பிரித்தாலும் ஹைட்ரஜன் ஒரு பங்கு எடை, ஆக்சிஜன் எட்டுப் பங்கு. ஏன் எப்போதும் அதே விகிதம்? அந்தக் கேள்விக்கு அது பதில். இதே தராசில் வைத்தால் கிரேக்க டெமாக்ரிட்டஸும் தேற மாட்டார். எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பதை மறைத்துவிட்டு, என்ன தெரிந்திருந்தது என்பதை மட்டும் தூக்கிக் காட்டும்போது உண்மையான தகவலே பொய்யாக வேலை செய்கிறது. போரின் தவறான வட்டத்தை 'வைத்துக்கொள்வோம்' என்று சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் இவரைவிட உண்மையானவர்.

இதெல்லாம் வெறும் தத்துவ நுணுக்கம் என்று தோன்றலாம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் பத்துப் பொருட்களைப் பட்டியலிட்டு எச்சரித்தது. 5ஜி அலைகளிலிருந்து காக்கும், சக்தி தரும் என்று விற்கப்பட்ட பதக்கங்களும் கைவளைகளும். குவாண்டம் என்று பெயர் போட்ட பதக்கமும் அதில் உண்டு. அவை கதிரியக்கத்தை உமிழ்ந்துகொண்டிருந்தன. வாங்கியவர்களில் பலர் பள்ளியில் அறிவியல் படித்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அணு, எலெக்ட்ரான், ஆற்றல் என்ற சொற்கள் பழக்கமானவைதான். 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று விற்பவனிடம் கேட்கும் பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கத்தை வகுப்பறையில் 'மனப்பாடம் பண்ணு' என்று சொல்லி நாம்தான் அடைத்தோம்.

8

சொல்லாமல் விடுவதைப் பற்றியும் ஒன்று. அட்டவணைக்குக் கீழே இரண்டு வரிசை தனியாகத் தொங்கும். லாந்தனைடுகள், ஆக்டினைடுகள். தாளில் அகலம் போதாததால் கீழே இறக்கப்பட்டவை. 'அது சிலபஸ்ல இல்ல' என்று நகர்ந்துவிடுவோம். எல்லாவற்றையும் சொல்ல முடியாது, விட்டுத்தான் ஆக வேண்டும். எல்லா விடுதலும் பொய் ஆகாது.

ஆனால் அந்த இரண்டு வரிசையில் மேலே சீரியம், 58. அதற்கு நேர் கீழே தோரியம், 90. இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கும் கனிமம் மோனசைட். நம் நாட்டில் ஈயம் தோண்டி முடித்த பிறகு மிஞ்சும் அமாங் மணலில் அது இருக்கிறது. ஈப்போ பக்கத்தில் புக்கிட் மேராவில் 1982 முதல் ஏசியன் ரேர் எர்த் ஆலை அதிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுத்தது. தோரியம் கலந்த கழிவு மிஞ்சியது. ஊர் மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. 1993இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 1994இல் ஆலை மூடப்பட்டது. பினாங்கிலிருந்து காரில் போனால் இரண்டு மணி நேரத் தொலைவு. அட்டவணையில் இரண்டு கட்டம் மேலும் கீழும் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்பதை அந்த ஊர் நீதிமன்றத்தில் போய்க் கற்றுக்கொண்டது.

இதைத் தேர்வில் கேட்க மாட்டார்கள். ஆனால் இந்த நாட்டில் அந்த அட்டவணையைச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர், கீழ் இரண்டு வரிசையைக் கையால் காட்டி, 'இதுல நம்ம ஊர்க் கதை ஒண்ணு இருக்கு, தேடிப் படிங்க' என்று சொல்லாமல் போனால், அந்த விடுதலுக்கு எடை உண்டு என்றே நினைக்கிறேன்.

9

எதிர்வாதம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். வாரத்துக்குச் சில பாடவேளை. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு, இடைநிலைப் பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ அதே அறிவியலைச் சந்திக்கும் பிள்ளைக்கு, சொல்லே பாரமாக இருக்கும்போது, 'இந்தப் படம் முழுசா சரியில்ல' என்று வேறு சொன்னால் அவள் காலடி நிலமும் நழுவாதா? பலவீனமான மாணவிக்கு உறுதியைக் கொடுப்பதுதானே கருணை?

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பயந்திருக்கும் பிள்ளைக்கு முதலில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு வேண்டும், கம்பின் பலவீனத்தைப் பற்றிய பாடம் வேண்டாம். ஆனால் நான் பார்த்த வரையில் பலவீனமான பிள்ளைகளை உடைப்பது நிச்சயமின்மை இல்லை. 18க்கும் 8க்கும் இடையில் ஏதோ இடிக்கிறது என்று தெரிந்தும், 'எனக்குத்தான் மூளை இல்லை போல' என்று முடிவுகட்டிக்கொண்டு வாயை மூடிக்கொள்வதுதான் உடைக்கிறது. படத்தில் ஓட்டை இருப்பதை நாம் சொல்லாதபோது, அந்த ஓட்டையைப் பிள்ளைகள் தங்கள் தலையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். 'நீ கேட்டது சரி, இந்தப் படம் அங்க உடையுது, பரீட்சைக்கு இப்படி எழுது, உண்மையில கத இன்னும் இருக்கு' என்று சொல்ல பத்து விநாடி ஆகுமா? ஷ்ரோடிங்கர் சமன்பாடெல்லாம் வேண்டாம். அந்தப் பத்து விநாடி கிடைத்த பிள்ளை, வேதியியலை விட்டுவிட்டுக் கடை வைத்தாலும் ஒன்றை எடுத்துக்கொண்டு போகும். அறிவுக்கு எல்லை உண்டு, அந்த எல்லையைக் கேட்கும் உரிமை தனக்கும் உண்டு என்பது.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். அட்டவணையின் மூன்றாம் தொகுதியில் இட்ரியத்துக்குக் கீழே யார் உட்கார வேண்டும், லாந்தனமா லுட்டீசியமா என்று வேதியியலாளர்களுக்குள் இன்னும் வழக்கு முடியவில்லை. உலக வேதியியல் அமைப்பான ஐயூபேக் நியமித்த குழு 2021இல் லுட்டீசியம் பக்கம் சாய்ந்து இடைக்கால அறிக்கை கொடுத்தது. எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் ஒரு பள்ளியின் சுவரில் ஒரு மாதிரியும், அடுத்த பள்ளியில் வேறு மாதிரியும் அட்டவணை தொங்கலாம். உங்கள் தம்பியோ தங்கையோ படிவம் 4-இல் இருந்தால் அவர்களின் புத்தகத்தை வாங்கி, அந்த இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு அவர்களிடம் சொல்லுங்கள், இதைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று.